கடைத்தெரு லெவி: பேசாமல் இருந்தால் அது சம்மதக் கணக்கில் போகும்

கேள்வி: வணக்கம் அண்ணா. மெல்பேர்னின் தென்கிழக்கில் ஒரு கடைத்தெருவில் நானும் கணவரும் ஏழு வருஷமாக மளிகைக் கடை நடத்துகிறோம். வாடகைக் கடைதான். போன வாரம் ஓனரின் ஏஜெண்ட், கவுன்சிலின் (எங்கள் பகுதி நகராட்சியின்) ஒரு கடிதத்தை ஃபார்வர்ட் செய்தார். எங்கள் தெருவில் உள்ள 120 கடைகளுக்கும் ஐந்து வருஷத்துக்கு 'ஸ்பெஷல் சார்ஜ்' போடப் போகிறார்களாம். கடைக்கு வருஷம் 750 டாலர், மொத்தம் 90,000. அதில் வியாபாரிகள் சங்கத்துக்கு ஒரு கோஆர்டினேட்டர் சம்பளம் 48,000, அலங்கார விளக்கு 17,000, விழாக்கள் 15,000, சோஷியல் மீடியா 10,000. கீழே ஏஜெண்ட் ஒரே வரியில், 'இது வந்தால் நீங்கள்தான் கட்ட வேண்டும்' என்று எழுதியிருக்கிறார். என்னிடம் வருபவர்கள் கறிவேப்பிலைக்கும் இட்லி அரிசிக்கும் வருகிறார்கள், விளக்கைப் பார்க்க இல்லை. கவுன்சிலின் சொத்து வரியான ரேட்ஸ் ஏற்கெனவே வாடகையோடு சேர்த்துக் கட்டுகிறோம். இது கட்டாயமா? கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? எதிர்த்து எழுதினால் கவுன்சில்காரர்கள் மனதில் வைத்துக்கொள்வார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: வணக்கம் சகோதரி. மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்த அறிவிப்பில் இருக்கும் தேதியைப் பாருங்கள். ஏஜெண்ட் உங்களுக்கு அனுப்பிய தேதி இல்லை, கவுன்சில் அதைப் பொது அறிவிப்பாக வெளியிட்ட தேதி. அதிலிருந்து 28 நாள்தான் எதிர்ப்பு எழுத அவகாசம். ஏஜெண்டின் மேஜையில் அது பத்து நாள் கிடந்திருந்தால் அந்தப் பத்து நாளும் உங்கள் கணக்கில்தான் கழியும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், நானே ஒரு தடவை கோட்டை விட்டவன். என் அலுவலகம் இருக்கும் தெருவிலும் இப்படி ஒரு லெவி, அதாவது கவுன்சில் போடும் கட்டாயக் கட்டணம், வந்தது. மாடியில் இருப்பதால் எனக்குக் கீழ்க்கடைகளுக்குப் போட்டதில் பாதி. ஊரார் கணக்கையெல்லாம் தேதி தவறாமல் தாக்கல் செய்கிறவன், என் சொந்தக் கடிதத்தை டிராயரில் போட்டுவிட்டு மூன்று நாள் தாமதமாக எழுதினேன். ஏற்றுக்கொள்ளவில்லை. ஐந்து வருஷம் கட்டினேன். எனக்குக் கிடைத்த நேரடிப் பலன், என் ஜன்னலை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு தொங்கிய ஒரு பதாகை.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த லெவிக்கு அடிப்படை நம் விக்டோரியா மாநிலத்தின் 1989ஆம் வருஷத்து உள்ளாட்சிச் சட்டத்தின் 163ஆவது பிரிவு. 2020இல் புதுச் சட்டம் வந்த பிறகும் இந்தப் பிரிவு பழைய சட்டத்திலேயே உயிரோடு இருக்கிறது. ஒரு செலவால் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் தனிப்பட்ட நன்மை கிடைக்கும் என்று கவுன்சில் கருதினால், அந்தச் செலவை அவர்களிடமே வசூலிக்கலாம் என்பதுதான் அதன் சாரம். மண் தெருவுக்குத் தார் போடவும் சாக்கடை கட்டவும் பயன்படுத்தும் அதே பிரிவைத்தான் கடைத்தெரு விளம்பரத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். சொத்தின் மதிப்பை வைத்துக் கணக்கிட்டால் அதற்கு ஸ்பெஷல் ரேட் என்று பெயர், கடைக்கு இவ்வளவு என்று வைத்தால் ஸ்பெஷல் சார்ஜ். உங்களுடையது இரண்டாவது வகை.

நம் ஊரில் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுவார்களே, ஏறக்குறைய அதே யோசனைதான். பணக்காரனோ ஏழையோ குடும்பத்துக்கு ஒரே தொகை, கட்டாதவன் பந்தலில் நின்று வேடிக்கை பார்த்தால் நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இங்கே அந்தப் பார்வைக்குப் பதில் சட்டம் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஏன் சட்டம் தேவைப்பட்டது என்றால், வெறும் நன்கொடையாகக் கேட்டபோது அது நிற்கவில்லை. டொராண்டோவில் ப்ளூர் தெருவின் மேற்குப் பகுதி வியாபாரிகள் 60களில் இரண்டு பக்கமும் அடி வாங்கினார்கள். 1964இல் யார்க்டேல் மால் திறந்தது. 1966இல் தெருவுக்கு அடியில் சுரங்க ரயில் ஓடத் தொடங்கி, 1968இல் மேற்கே நீண்டது. அதுவரை கடை வாசலில் டிராமுக்குக் காத்து நின்ற ஆட்கள் பூமிக்கு அடியில் போய்விட்டார்கள். தெருவைச் சரிசெய்யலாம் என்று வசூல் செய்தால் சிலர் கொடுத்தார்கள், பலர் கொடுக்காமலே பலனை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். கடைசியில், எல்லாரிடமும் ரேட்ஸோடு சேர்த்து வசூலித்து வியாபாரிகள் குழுவிடம் கொடுத்துவிடுங்கள் என்று நகராட்சியிடமே கேட்டார்கள். 1970இல் வந்த அந்த ஏற்பாடுதான் உலகத்தில் இந்த வகைக்கு முதல் என்று சொல்கிறார்கள். இன்று நம் ஆட்கள் புடவையும் இனிப்பும் வாங்கப் போகும் டொராண்டோவின் ஜெரார்டு தெரு இந்தியா பஜாரும் அதே மாதிரி அமைப்புதான்.

மெல்பேர்னிலும் காரணம் அதுவே. 1960இல் சாட்ஸ்டோன் மால் வந்தது, அப்புறம் ஒவ்வொரு பக்கமும் ஒரு மால். மாலில் எல்லாக் கடைக்கும் ஓனர் ஒருவர், அவர் லீஸிலேயே மார்க்கெட்டிங் ஃபண்டுக்கு ஒரு தொகையை எழுதிவிடுவார், கேள்வியே கிடையாது. உங்கள் தெருவில் 120 கடைக்கு எண்பது ஓனர் இருப்பார்கள், பாதிப் பேர் அந்தத் தெருவை வருஷத்துக்கு ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை. அவர்களை ஒன்றாக உட்காரவைத்துப் பணம் வாங்க கவுன்சிலைத் தவிர வேறு ஆள் இல்லை. ஆகவே இந்த ஏற்பாட்டை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். புரன்ஸ்விக்கில் சிட்னி ரோட்டை மூடி நடத்தும் ஸ்ட்ரீட் பார்ட்டிக்குப் போயிருக்கிறீர்களா? அதைப் பல வருஷம் நடத்தியது அங்கத்து வியாபாரிகள் சங்கம். அப்படி ஒன்றை நடத்த வருஷம் முழுக்க வேலை பார்க்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

ஆனால் ஏற்பாடு நியாயமானது என்பதும் உங்கள் தெருவில் அது நியாயமாக நடக்கிறது என்பதும் இரண்டு வேறு விஷயம். அதனால் யார் முடிவு செய்கிறார்கள் என்ற இடத்துக்கு வருகிறேன். நம் ஆட்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

இங்கிலாந்தில் இதே மாதிரி ஒரு திட்டம் வந்தால் தபால் வாக்கெடுப்பு நடக்கும். 2003ஆம் வருஷத்துச் சட்டப்படி வாக்களித்தவர்களில் தலை எண்ணிக்கையிலும் பெரும்பான்மை வேண்டும், அவர்கள் சொத்துகளின் மதிப்பிலும் பெரும்பான்மை வேண்டும், இரண்டும் கிடைத்தால்தான் லெவி. ஐந்து வருஷம் முடிந்தால் மறுபடி வாக்கு. வாக்குப் போடாதவர் எந்தப் பக்கமும் இல்லை. விக்டோரியாவில் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். இங்கே 'வேண்டும்' என்று யாரும் சொல்லத் தேவையில்லை, 'வேண்டாம்' என்று பாதிக்கு மேல் எழுதிக் கொடுத்தால்தான் நிற்கும். மொத்தம் 120 சொத்து என்றால் 61 சொத்துக்கு எதிர்ப்புக் கடிதம் போய்ச் சேர வேண்டும், அப்போதுதான் கவுன்சில் அந்த லெவியை அறிவிக்க முடியாமல் போகும். 60 வந்தால் போதாது. வெளிநாட்டில் இருக்கும் ஓனர், கடிதத்தைப் பிரிக்காத ஓனர், வாடகைக்காரர்தானே கட்டப்போகிறார் என்று தூக்கிப் போட்ட ஓனர், காலியாகக் கிடக்கும் கடை, எல்லாம் சம்மதக் கணக்கில்தான். ஆறு கடை வைத்திருக்கும் ஓனர் எழுதினால் அது ஆறு, ஏனென்றால் எண்ணுவது ஆட்களை இல்லை, சொத்துகளை.

இந்தத் தடுக்கும் உரிமைக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. திட்டத்தின் மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் லெவியாக வசூலிக்கும்போதுதான் அது பொருந்தும். கவுன்சில் தன் கையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு போட்டுவிட்டால், நூற்றிருபது பேரும் எழுதினாலும் அதைச் சட்டப்படி நிறுத்த முடியாது, கருத்துச் சொல்ல மட்டும்தான் முடியும். நீங்கள் அனுப்பிய கணக்கில் 90,000மும் கடைக்காரர்கள் தலையில்தான் இருக்கிறது, கவுன்சில் பங்கு என்று ஒரு வரியும் இல்லை. ஆகவே உங்கள் தெருவுக்கு அந்த உரிமை இருக்கிறது.

தெருவுக்கு இருக்கிறது சரி, வாடகைக்காரரான உங்களுக்கு இருக்கிறதா? சட்டத்தின் பார்வையில் லெவி கட்ட வேண்டியவர் ஓனர், எதிர்க்கும் உரிமையும் அவருக்கே. ஆனால் ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறார்கள். லெவியை வாடகைக்காரர் கட்ட வேண்டும் என்று லீஸில் நிபந்தனை இருந்தால், அதற்கான ஆவணத்தைக் கடிதத்தோடு இணைத்து வாடகைக்காரரே எதிர்ப்புத் தெரிவிக்கலாம். 163பி என்ற பிரிவில் இருக்கிறது. இணைப்பது முக்கியம். நான் பார்த்த அளவில் கடைக்காரர்கள் உணர்ச்சியோடு இரண்டு பக்கம் எழுதுகிறார்கள், லீஸின் அந்த ஒரு பக்கத்தை வைக்க மறந்துவிடுகிறார்கள், கடிதம் எண்ணிக்கையில் சேராமல் போகிறது.

இப்போது ஏஜெண்டின் அந்த ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னது சரி என்றால் எதிர்க்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. தவறு என்றால் கட்ட வேண்டிய கடமையே உங்களுக்கு இல்லை. இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். ஆகவே இன்றைக்கே, லீஸின் எந்தப் பிரிவின்படி நான் கட்ட வேண்டும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் கேட்காதீர்கள், எழுத்தில் பதில் வரட்டும்.

உங்கள் கடை 2003ஆம் வருஷத்துச் சில்லறைக் கடை லீஸ் சட்டத்தின் கீழ் வரும் என்று வைத்துக்கொள்கிறேன். ஏழு வருஷ மளிகைக் கடை, பெரும்பாலும் வரும். அந்தச் சட்டப்படி ஓனர் தன் செலவுகளை உங்களிடம் வசூலிக்க வேண்டுமானால், என்னென்ன செலவு, எப்படிக் கணக்கிடுவது, எப்படிப் பங்கிடுவது என்று லீஸிலேயே சொல்லியிருக்க வேண்டும். 'அவுட்கோயிங்ஸ்' என்ற தலைப்பைத் தேடுங்கள். 'கவுன்சில் விதிக்கும் ரேட்ஸ், சார்ஜ், லெவி அனைத்தும்' என்று அகலமாக எழுதியிருந்தால் உங்கள் தலையில்தான். 'முனிசிபல் ரேட்ஸ்' என்று மட்டும் இருந்தால் அதற்குள் ஸ்பெஷல் சார்ஜ் அடங்குமா என்பது வாதாடக்கூடிய விஷயம். நான் கணக்காளன், வக்கீல் இல்லை, அந்த வாக்கியத்தை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், அரை மணி நேர வேலைதான். அப்புறம் வருஷா வருஷம் அவுட்கோயிங்ஸ் எவ்வளவு வரும் என்ற மதிப்பீட்டை ஓனர் உங்களுக்கு எழுத்தில் தர வேண்டும், அது வரும்வரை நீங்கள் அந்தப் பங்கைக் கட்டத் தேவையில்லை. உங்கள் கணவரிடம் கேளுங்கள், கடைசியாக அப்படி ஒரு தாள் எப்போது வந்தது? (அந்தத் தாளில் லாண்ட் டாக்ஸ் என்று ஒரு வரி இருந்தால் உடனே எனக்குச் சொல்லுங்கள். இந்தச் சட்டத்தின் கீழ் வரும் லீஸில் அதை வாடகைக்காரரிடம் வாங்கவே கூடாது. லெவி 750, அது ஆயிரக்கணக்கில் இருக்கும்.) ஓனரோடு தகராறு என்றால் விக்டோரியா ஸ்மால் பிசினஸ் கமிஷனில் சமரசப் பேச்சுக்கு வழி இருக்கிறது, நேராகத் தீர்ப்பாயத்துக்கு ஓடத் தேவையில்லை.

கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். லெவி சட்டப்படி அறிவிக்கப்பட்டு, லீஸிலும் உங்கள் தலையில் இருந்தால் கட்டாமல் விடாதீர்கள். லெவி நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும் கடன், வட்டி ஓடும், கவுன்சில் ஓனரைப் பிடிக்கும், ஓனர் லீஸை மீறியதாக உங்களுக்கு நோட்டீஸ் விடுவார். 750 டாலர் கோபத்துக்காக ஏழு வருஷக் கடையைப் பணயம் வைப்பது கணக்குக்கு ஒத்துவராது. அறிவித்த பிறகும் சண்டை போட வழி இல்லாமல் இல்லை. விகேட் என்று எல்லாரும் சொல்லும் மாநிலத் தீர்ப்பாயத்துக்கு, கட்டணக் கடிதம் அனுப்பிய தேதியிலிருந்து 30 நாளுக்குள் போகலாம். தனிப்பட்ட நன்மை எதுவும் எனக்கு இல்லை என்றோ பங்கிட்ட விதம் நியாயமில்லை என்றோ அங்கே வாதாடலாம். ஆனால் ஒரே ஒரு மளிகைக் கடை தனியாகப் போய் நிற்பதற்கு அது சிரமமான இடம். 28 நாளுக்குள் முடிக்க வேண்டிய வேலையை அங்கே தள்ளிப் போடாதீர்கள்.

ரேட்ஸ் ஏற்கெனவே கட்டுகிறோமே என்ற உங்கள் ஆதங்கம் நியாயமானது, ஆனால் அந்த வடிவத்தில் எழுதினால் கவுன்சில் அதிகாரி ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவார், இது வேறு, அது வேறு என்று. அதையே கூர்மையாகக் கேளுங்கள். சாதாரண ரேட்ஸை வருஷத்துக்கு எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கு மாநில அரசு 2016-17இலிருந்து உச்சவரம்பு வைத்திருக்கிறது, 2025-26க்கு அது 3 சதவீதம். ஸ்பெஷல் சார்ஜ் அந்த வரம்புக்குள் வராது. வரம்புக்கு வெளியே ஒரு கதவு திறந்திருந்தால், குப்பைத் தொட்டி, தெரு கழுவுதல், சுவர்க் கிறுக்கல் அழிப்பது என்று வழக்கமாகத் தான் செய்ய வேண்டியதையும் அந்த வழியாகத் தள்ளிவிட எந்த நிர்வாகத்துக்கும் ஆசை வரும். ஆகவே, இப்போது எங்கள் தெருவுக்கு ரேட்ஸிலிருந்து என்னென்ன செய்கிறீர்கள், லெவி வந்த பிறகும் அது அப்படியே தொடருமா என்று எழுத்தில் கேளுங்கள். அதோடு 'பெனிஃபிட் ரேஷியோ' என்ன என்றும் கேளுங்கள். மொத்த நன்மையில் லெவி கட்டுகிறவர்களுக்கு எவ்வளவு, ஊருக்குப் பொதுவாக எவ்வளவு என்று கவுன்சில் கணக்கிட்டே ஆக வேண்டும், முதல் பங்குக்கு மேல் உங்களிடம் வாங்க முடியாது. மார்க்கெட்டிங் திட்டங்களில் பல அறிவிப்புகளில் எல்லா நன்மையும் கடைகளுக்கே, பொதுமக்களுக்கு ஒன்றுமில்லை என்று எழுதிவிடுகிறார்கள். 17,000 டாலருக்கு விளக்குப் போட்டால் குழந்தையைக் கூட்டிக்கொண்டு பார்க்க வருபவர்களும் ஊரார்தானே?

இனி உங்கள் கடைக்கு இது லாபமா நஷ்டமா. 750ஐ 52ஆல் வகுத்தால் வாரத்துக்கு 14 டாலர் 42 காசு. மளிகையில் உங்களுக்கு நூறு டாலருக்கு 25 நிற்கிறது என்று வைத்தால், இந்த 750ஐ மீட்க வருஷத்துக்கு 3,000 டாலர் கூடுதலாக விற்க வேண்டும், அதாவது வாரத்துக்குக் கிட்டத்தட்ட 58 டாலர். ஒரு கூடை சராசரி 40 என்றால் வாரம் ஒன்றரை வாடிக்கையாளர். கேட்க மலை மாதிரி இல்லை, இல்லையா? வரியிலும் கொஞ்சம் திரும்பும், இது வியாபாரச் செலவு. ஒரு நுணுக்கம், கவுன்சில் பில்லில் ஜிஎஸ்டி இருக்காது, ஆனால் ஜிஎஸ்டியில் பதிவு செய்த ஓனர் அதையே அவுட்கோயிங்ஸாக உங்களிடம் வாங்கும்போது 10 சதவீதம் சேர்ந்து 825 ஆகிவிடும். பயப்படாதீர்கள், நீங்களும் பதிவு செய்தவர் என்றால் அந்த 75ஐ வரி அலுவலகத்துக்குக் கொடுக்கும் பிஏஎஸ் கணக்கில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அரிசி பருப்புக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால் திரும்ப எடுக்க முடியாது என்று சிலர் நினைக்கிறார்கள், அது தப்பு.

ஆனால் அந்த ஒன்றரை ஆள் எங்கிருந்து வருவார் என்பதுதான் கேள்வி. இதில் நீங்கள் சொல்வது சரி. காபிக் கடைக்கும் ஐஸ்கிரீம் கடைக்கும் தெருவில் நடக்கும் கூட்டம்தான் வியாபாரம், விளக்கு போட்டால் அவர்களுக்கு உடனே தெரியும். உங்களிடம் வருபவர் தேடிக்கொண்டு வருபவர், க்ளேட்டனிலிருந்தோ நாரே வாரனிலிருந்தோ காரை எடுத்துக்கொண்டு 20 கிலோ அரிசி மூட்டை வாங்க வருகிறார். அவருக்குத் தேவை விளக்கு இல்லை, மூட்டையைத் தூக்கிப் போகும் தூரத்தில் பார்க்கிங். எல்லாக் கடைக்கும் ஒரே 750 என்பது இந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. பங்கீடு நியாயமில்லை என்று எழுத இது நல்ல காரணம், எழுதுங்கள்.

என் தனிப்பட்ட அபிப்பிராயம் சொன்னால், நல்ல கோஆர்டினேட்டர் கிடைத்த தெருவுக்கு இந்தப் பணம் வீண் இல்லை. ஆனால் அவர் செய்யும் உருப்படியான வேலை எதுவும் பதாகையில் தெரியாது. பார்க்கிங் நேரத்தை ஒரு மணியிலிருந்து இரண்டாக்கச் சொல்லிக் கவுன்சிலை நச்சரிப்பது, காலிக் கடைகளின் ஓனர்களைத் தேடிப் பிடித்துப் பேசுவது, ரோடு தோண்டும் வேலை டிசம்பரில் வராமல் பார்த்துக்கொள்வது, இவைதான். உங்கள் கணக்கில் 90,000த்தில் 48,000 சம்பளம், பாதிக்கு மேல். அந்தச் சம்பளத்துக்கு இந்த வேலைகள் எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது இன்ஸ்டாகிராமில் படம் போடுவதற்கா, அதற்குத் தனியாக 10,000 வேறு இருக்கிறதே? விழாவுக்கு 15,000 என்றால் எந்த விழா? உங்கள் தெருவில் தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரமும் உங்கள் கடையில் நிற்க இடம் இருக்காது, ரம்ஜானுக்குப் பக்கத்துக் கடையில் அதே கதை. டிசம்பர் விளக்குக்கு மட்டும் 17,000 ஒதுக்கியவர்கள் இதை மறந்தார்களா, அல்லது கூட்டத்தில் சொல்ல யாரும் இல்லையா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். சங்கக் கூட்டம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வைப்பார்கள், நம் ஆட்களுக்கு அது கடையில் கூட்டம் சேரும் நேரம். போகிறவர்கள் நாலைந்து பேர், அவர்கள் கடைக்கு எது நல்லதோ அதுதான் பட்ஜெட்டாக வரும். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே எதிர்ப்பு எழுதினாலும் எழுதாவிட்டாலும், லெவி வந்துவிட்டால் ஒருவர் கமிட்டிக்குள் போய்விடுங்கள், நீங்கள் இல்லையென்றால் கணவர். லெவி கட்டுகிற வாடகைக்காரருக்குச் சங்கத்தில் வாக்கு உண்டா, அல்லது தனியாகச் சேர வேண்டுமா என்று அவர்கள் விதிகளில் பாருங்கள், சங்கத்துக்குச் சங்கம் மாறும். கவுன்சில் வசூலித்துச் சங்கத்திடம் கொடுக்கும்போது ஓர் ஒப்பந்தம் போடுவார்கள், அதன் நகலைக் கேளுங்கள். பதிவு செய்த சங்கம் என்றால் நிதியாண்டு முடிந்து ஐந்து மாதத்துக்குள் பொதுக்கூட்டம் வைத்துக் கணக்குக் காட்ட வேண்டும். அந்த ஒரு கூட்டத்துக்காவது கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டுப் போங்கள்.

கவுன்சில் பகைத்துக்கொள்ளுமா? புரிகிறது. அரசாங்க அலுவலகத்துக்கு எதிர்ப்புக் கடிதம் என்றாலே நம்மில் பல பேருக்குக் கை நடுங்கும், எங்கிருந்து வந்தோம் என்பது அதற்குள் இருக்கிறது. நாளைக்கு உணவுச் சுகாதார இன்ஸ்பெக்டர் வாசலில் வந்து நிற்பாரோ என்று ஒரு வாடிக்கையாளர் என்னிடமே கேட்டிருக்கிறார். அது வேறு பிரிவு, வேறு சட்டம், அவர்களுக்கு உங்கள் லெவி கடிதம் பற்றித் தெரியக்கூடப் போவதில்லை. லெவி பிரிவில் இருப்பவருக்கு உங்கள் கடிதம் கோப்பில் ஓர் எண். எதிர்ப்புகளை வாங்கி எண்ணுவது அவர் வேலை, சட்டம் அப்படிச் செய்யச் சொல்கிறது. மனஸ்தாபம் வந்தால் தெருவிலிருந்துதான் வரும், விளக்குக்கு ஆசைப்பட்ட காபிக் கடைக்காரரிடமிருந்து. அவரிடம் நீங்களே முதலில் போய்ப் பேசிவிடுங்கள்.

கடிதம் நீளமாக வேண்டாம், ஒரு பக்கம் போதும். கடையின் முகவரி, நீங்கள் வாடகைக்காரர், லீஸின் இந்தப் பிரிவுப்படி லெவியைக் கட்ட வேண்டியவர், ஆகவே 163பி பிரிவின்படி எதிர்க்கிறேன் என்று முதல் பத்தியிலேயே தெளிவாக எழுதுங்கள். காரணங்கள் அதற்குக் கீழே. எதிர்ப்பு வேறு, கருத்துரை வேறு, இரண்டுக்கும் தனித்தனி உரிமை உண்டு. கருத்துரையில் நேரில் பேச வாய்ப்பு வேண்டும் என்று கேட்டால் கவுன்சில் மறுக்க முடியாது, உங்களுக்குப் பதில் வேறொருவரைப் பேசவைக்கவும் முடியும். லீஸின் முதல் பக்கம், அவுட்கோயிங்ஸ் பக்கம், கையெழுத்துப் பக்கம் மூன்றையும் இணையுங்கள், வாடகைத் தொகையை மறைத்துக்கொள்ளலாம். அனுப்பியதற்கு ரசீதோ பதில் மின்னஞ்சலோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஒரு கடிதம் 61இல் ஒன்றுதான். பக்கத்தில் யார் யார் வாடகைக்கு இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்த அறிவிப்பு வந்ததா என்று கேட்டுப் பாருங்கள், பல பேருடைய கடிதம் இன்னும் ஏஜெண்டிடமே தூங்கிக்கொண்டிருக்கும். பேசும்போது இரண்டு வழியையும் சொல்லுங்கள், மொத்தமாகத் தடுப்பதா, அல்லது தேடி வருகிறவர்களின் கடைகளுக்குத் தொகையைக் குறைத்து, இரண்டாம் வருஷ முடிவில் ஒரு பரிசீலனையும் வைத்துக் கொண்டுவரச் சொல்வதா என்று. எனக்கு இரண்டாவது பிடிக்கும், உங்கள் தெரு உங்களுக்குத்தான் தெரியும். ஏஜெண்ட் அந்தப் பிரிவு எண்ணை அனுப்பியதும் லீஸோடு சேர்த்து எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், தேதிக்குள்.